சம்பளத்தோடு பிஎச்.டி: உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்குள் நுழைய ஒரு முழு வழிகாட்டி

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த லேபில் சேரலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உனக்கு யார் பணம் கொடுக்கப் போகிறார்கள்?" கேட்டதும் முகம் சுருங்கும். அறிவியலைப் பற்றிப் பேச வந்தால் இவள் காசைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைப்பார்கள். ஆனால் ஐந்து வருடம் ஓட வேண்டிய ஓட்டம் இது. நீங்கள் எந்த கைடிடம் (ஆய்வு நெறியாளரிடம்) சேரலாம், பிடிக்கவில்லை என்றால் விலகலாமா, கடைசி வருடம் வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதையெல்லாம் பணம் யார் பெயரில் வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, ஜெனிட்டிக்ஸ் மாதிரிப் படிப்புகளில் எம்.எஸ்சி. முடித்து இந்தியாவில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளிநாடு பற்றி நடுவில் கொஞ்சம் வரும்.

படி 1: எந்தப் பணம் என்று முடிவு செய்யுங்கள்

முதல் வகை, உங்கள் பெயரிலேயே வரும் ஃபெலோஷிப். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடி ஆகியவை தரும் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) இந்த வகை. முதுநிலையில் பல்கலைக்கழக முதலிடம் பிடித்தவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) ஆகி 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருடம். இந்தக் கடிதம் கையில் இருந்தால் கைடுக்கு நீங்கள் செலவில்லாத ஆள். பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும்.

இரண்டாவது வகை, நிறுவனமே தரும் உதவித்தொகை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கேயே இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ், ஐஐடிகள் போன்ற இடங்களில் அவர்களுடைய தேர்விலும் நேர்முகத்திலும் தேறிச் சேர்ந்துவிட்டால் பணத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, கைடின் புராஜெக்ட் பணம். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு ஆராய்ச்சி மானியம் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு வரும். மானியம் வந்து ஒரு வருடம் கழித்து நீங்கள் சேர்ந்தால் மிச்சம் இரண்டு வருடம். உயிரியல் பிஎச்.டி. ஐந்து வருடத்துக்குக் குறைந்து முடிவது அபூர்வம். கணக்கு இடிக்கிறதா? புராஜெக்டில் சேரவே கூடாது என்று சொல்லவில்லை. ஃபெலோஷிப் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு வருடம் லேப் அனுபவம் தேட அது நல்ல வழி. ஆனால் அதை மட்டும் நம்பி பிஎச்.டி. பதிவு செய்யும் முன், "மானியம் எந்த மாதம் முடிகிறது, அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. கேட்காமல் சேர்ந்தேன். பதினான்கு மாதத்தில் பணம் நின்றது. அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து, ஜேஆர்எஃப் வாங்கித் தரும் நெட் தேர்வுக்குப் படித்தேன்.

நான்காவதாக ஒன்றை நம் ஊரில் சொல்வார்கள்: "முதலில் பதிவு பண்ணிடு, பணம் அப்புறம் வரும்." அப்புறம் வராது. பணம் கட்டிப் படிக்கும் முழுநேர பிஎச்.டி. உயிர்மருத்துவத்தில் வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. ஆன்டிபாடி ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய் விற்கும் துறையில், மாணவருக்கே பணம் இல்லாத லேபில் சோதனைக்கு மட்டும் பணம் எங்கிருந்து வரும்?

இவை தவிர, பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப், ஓபிசி, பழங்குடியினருக்கான ஃபெலோஷிப்கள், வீட்டுக்கு ஒரே பெண் பிள்ளையாக இருப்பவர்களுக்கான சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே ஃபெலோஷிப், தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று தனி வழிகள் உண்டு. தகுதி இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து வாங்க முடியாது.

படி 2: தேர்வு

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், லைஃப் சயின்சஸ் தாளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மற்ற தேர்வுகளுக்கும் இந்தப் படிப்பே பெரும்பாலும் போதும்.

மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஏ பகுதியில் 20 கேள்வியில் 15, தலா 2 மதிப்பெண். பி பகுதியில் 50-ல் 35, தலா 2. சி பகுதியில் 75-ல் 25, தலா 4. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். இந்த எண்களை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சி பகுதி மட்டும் 100 மதிப்பெண். அதில் மூன்று கேள்விக்கு ஒன்று எழுதினால் போதும். பாடத்திட்டத்தில் 13 அலகுகள் இருந்தாலும் பதின்மூன்றையும் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. உயிர்மருத்துவம் போகிறவர் தாவர உடலியங்கியலையும் சூழலியலையும் லேசாகத் தொட்டுவிட்டு, மூலக்கூறுகள், செல் அமைப்பு, டிஎன்ஏ முதல் புரதம் வரையிலான அடிப்படைச் செயல்பாடுகள், செல் தகவல்தொடர்பு, விலங்கு உடலியங்கியல், மரபியல், ஆய்வு முறைகள் என ஆறேழு அலகுகளை ஆழமாகப் பிடித்துக்கொள்ளலாம். நோயெதிர்ப்பும் புற்றுநோயும் செல் தகவல்தொடர்பு அலகுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

சி பகுதியில் மனப்பாடம் செல்லாது. ஒரு சோதனையை விவரித்து, "இந்த முடிவுக்கு எது பொருத்தமான விளக்கம்?" என்று கேட்பார்கள். பழைய தாள்களை எடுத்து, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் எழுதிப் பழகுங்கள். ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் ஆகும். ஆகட்டும்.

ஏ பகுதி வெறும் பள்ளிக் கணக்கு, படம், விகிதம். 30 மதிப்பெண். எம்.எஸ்சி. படித்தவர்கள் இதை மதிப்பதே இல்லை. கட்-ஆஃபை ஓரிரு மதிப்பெண்ணில் தவறவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இங்கே கோட்டை விட்டிருப்பார்கள்.

தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், நீண்ட ஆங்கிலக் கேள்வியை வேகமாக வாசிக்கத் திணறுவோம். தினமும் ஒரு ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை வாசித்து அதைத் தமிழில் நாலு வரியில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, ஆனால் பலன் இருந்தது.

இன்னொரு பொறி. நெட் முடிவில் இப்போது மூன்று படிநிலைகள் உண்டு: ஜேஆர்எஃப் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. பின்னிரண்டு வகையிலும் இடம் கிடைக்கலாம், ஃபெலோஷிப் கிடைக்காது. "நெட் பாஸ்" என்று ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தபின் இந்த வித்தியாசம் தெரியவந்தால் கஷ்டம்.

நெட் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு முறை. ஐஐடி போன்ற இடங்களுக்கு உதவும் கேட் தேர்வு பிப்ரவரியில். அதன் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர் நடத்தும் ஜீபில்ஸ் தேர்வு டிசம்பர் வாக்கில்; என்சிபிஎஸ் போக அதுதான் வாசல். டிபிடியின் பெட் தேர்வில் இரண்டு பட்டியல் உண்டு: முதல் பட்டியலில் வந்தால் விரும்பிய நிறுவனத்துக்கு ஃபெலோஷிப்பை எடுத்துப் போகலாம், இரண்டாவது டிபிடி புராஜெக்டுகளில் சேர்வதற்கானது. ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப் தனித் தேர்வு. வயது வரம்பும் சலுகைகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், அந்த வருட அறிவிப்பை முழுதாக வாசிக்காமல் விண்ணப்பம் போடாதீர்கள்.

படி 3: இடம் தேடுவது

பெரிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஐதராபாத் சிசிஎம்பி, பெங்களூரு இன்ஸ்டெம், நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், புனே என்சிசிஎஸ், டெல்லி என்ஐஐ, நவி மும்பையில் புற்றுநோய்க்கான ஆக்ட்ரெக். ஆனால் பக்கத்தில் இருப்பதை நம் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை.

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இங்கே நடந்ததுதான். புதுச்சேரியில் கொசுவால் பரவும் நோய்களுக்கென்றே ஐசிஎம்ஆர் மையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சி, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் மருத்துவமனையோடு ஒட்டிய ஆய்வுக்கூடங்கள். நோயாளிகளின் மாதிரி வைத்து வேலை செய்ய விரும்புகிறவருக்கு இது பெரிய வசதி. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம். அப்புறம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றதும் செருப்பு, பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோல் என்றால் கொலாஜன் என்ற புரதம். 1954-ல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கொலாஜனின் முச்சுருள் வடிவத்தைச் சொல்ல உதவிய திசு மாதிரி அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான். காயம் ஆற்றும் உயிர்ப்பொருட்கள் பற்றி அங்கே வேலை நடக்கிறது.

நிறுவனத்தின் பெயரைவிட லேபைப் பாருங்கள். கைடின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை எடுங்கள். முதல் ஆசிரியராக இருப்பவர்கள் மாணவர்களா? முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? கடைசிக் கேள்விக்கு லேபின் மூன்றாம் வருட மாணவரிடம் மட்டும்தான் உண்மையான பதில் கிடைக்கும். போனில் கேட்காதீர்கள். நேரில் போய், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

பல்கலைக்கழக விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் கைடாக இருக்க முடியும். இடம் காலியா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாம் பேசி முடித்தபின் "வேகன்சி இல்லை" என்று கேட்ட கதைகள் நிறைய.

படி 4: மின்னஞ்சல்

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று ஐயாவையும் அம்மாவையும் சாய்கோடு போட்டு ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது நம்மிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைத் திறந்த மறுநொடி மூடுவார்கள். நானும் இப்போது அப்படித்தான் மூடுகிறேன்.

பத்து வரி போதும். முதல் இரண்டு வரியில் நீங்கள் யார், ஜேஆர்எஃப் இருக்கிறதா, எப்போது சேர முடியும். அடுத்து, அவருடைய ஒரு கட்டுரையில் எந்தப் படம் அல்லது எந்த முடிவு உங்களை யோசிக்க வைத்தது, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி. பாராட்டு வேண்டாம். அப்புறம் உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. சிவி ஒரே பிடிஎஃப், உங்கள் பெயரில். பத்து நாளில் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவரைப் பாருங்கள்.

படி 5: நேர்முகம்

என் முதல் நேர்முகத்தில், எம்.எஸ்சி. புராஜெக்டில் போட்ட வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) படத்தைக் காட்டினேன். "கீழே ஆக்டின் எதற்குப் போட்டீர்கள்?" என்றார் ஒருவர். "லேபில் இருந்த அக்கா போடச் சொன்னார்கள்" என்றேன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அந்த இடம் போய்விட்டது.

விடை எளிது: எல்லாக் குழியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியிருக்கிறோமா என்று சரிபார்க்க, செல்களில் பொதுவாக மாறாத அளவில் இருக்கும் புரதமான ஆக்டின். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "நீங்கள் கொடுத்த மருந்தே ஆக்டின் அளவை மாற்றினால்?" அவர்கள் தேடுவது இரண்டாவது கேள்விக்கு யோசிக்கும் ஆளை. "தெரியவில்லை, ஆனால் இப்படிச் செய்து பார்ப்பேன்" என்று சொன்னால் கெட்டுவிடாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் கெடும். உங்கள் புராஜெக்டில் செய்த ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று விஷயங்களைத் தயார் செய்யுங்கள்: அதன் தத்துவம், கட்டுப்பாட்டுச் சோதனைகள், தவறாகப் போயிருந்தால் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள். சிவியில் பிசிஆர் என்று எழுதியிருந்தால் பிரைமரின் உருகு வெப்பநிலை வரை கேட்பார்கள். செய்யாத ஒன்றை எழுதவே எழுதாதீர்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. பலகையில் வரையக் கேட்டு வாங்குங்கள். வரைபடம் வரையத் தெரிந்தவருக்குப் பாதி ஆங்கிலம் போதும்.

வெளிநாடு என்றால்

அமெரிக்காவில் வழி வேறு. இளநிலை முடித்தவரே விண்ணப்பிக்கலாம், கைடை முன்பே பிடிக்க வேண்டியதில்லை. பல இடங்களில் உயிர்மருத்துவ அறிவியல் என்ற ஒரே குடைக்குள் சேர்த்துக்கொண்டு, முதல் வருடம் மூன்று லேபுகளில் சில வாரங்கள் சுழற்சியில் அனுப்பி, பிறகு தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கல்விக் கட்டணம் இல்லை. உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் உண்டு. பெரும்பாலான கெடு டிசம்பர் தொடக்கத்தில். ஜிஆர்இ தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. மூன்று பரிந்துரைக் கடிதங்கள்தான் உயிர்நாடி, "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்று எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதிக் கேட்கலாம், பல இடங்களில் தருகிறார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அரசுப் பயிற்சி மானியங்கள் சில அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டும்தான், அதனால் வெளிநாட்டவருக்கான இடங்கள் குறைவு. 2025-ல் அரசு நிதி வெட்டால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைச் சுருக்கின, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றதும் நடந்தது. எனவே அதை மட்டும் நம்பி நெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும், பிஎச்.டி. மாணவர் பல இடங்களில் ஒப்பந்த ஊழியர், ஊதியம் அரசு ஊதிய அட்டவணைப்படி. மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிப் பள்ளிகள், ஹைடல்பர்க் நகரின் எம்பல் ஆய்வகம், ஜப்பானில் ஒகினாவாவின் ஓய்ஸ்ட் பல்கலைக்கழகம், சிங்கப்பூரின் சிங்கா உதவித்தொகை ஆகியவற்றையும் பாருங்கள்.

படி 6: சேர்ந்த முதல் வருடம்

ஃபெலோஷிப் கடிதம் கையில் இருந்தாலும் முதல் மாதமே பணம் வந்துவிடாது. சேர்ந்த அறிக்கை, வங்கி விவரம், நிறுவனத் தலைவர் கையெழுத்து என்று காகிதம் நகர்ந்து முதல் தொகை வர மூன்று நான்கு மாதம் ஆகலாம். எனக்கு ஏழு ஆனது. மொத்தமாக நிலுவையோடு வரும் என்பது உண்மை, ஆனால் விடுதி மெஸ் அதுவரை காத்திருக்காது. குறைந்தது நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள்.

கோர்ஸ் வொர்க், அதாவது தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிகள் பற்றிய பாடமும் அதில் உண்டு. சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

உயிர்மருத்துவத்தில் மற்றவர்களுக்கு இல்லாத தலைவலி, அனுமதிகள். மனித ரத்தமோ திசுவோ தொட வேண்டுமானால் நிறுவன நெறிமுறைக் குழு. எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு. மரபணு மாற்றிய கிருமி, வைரஸ் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து செய்யும் ஆய்வு என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வரை போகக்கூடும். இந்தக் குழுக்கள் நினைத்தபோது கூடுவதில்லை. ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் முழுக்க லேபில் வளர்க்கும் செல் லைனை வைத்துப் பொழுதுபோக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு வேலை தமிழ் தெரிந்த மாணவர் தலையில்தான் விழும். "மரபணுப் பகுப்பாய்வு" என்று எழுதிவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன். வெளி நோயாளிப் பிரிவில் ஒரு பாட்டி கேட்டார்: "இந்த ரத்தத்தை வித்துடுவீங்களாம்மா?" அன்று மாலையே படிவத்தைத் திருத்தி எழுதினேன், விற்க மாட்டோம் என்ற வரியோடு. திருத்தியதற்கும் குழுவின் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

படி 7: எஸ்ஆர்எஃப், அதற்கப்புறம்

இரண்டு வருடம் முடியும்போது ஒரு குழு உங்கள் வேலையைப் பார்த்து எஸ்ஆர்எஃப் தரும். முடிவுகள் குறைவாக இருந்தால் பயப்படாதீர்கள். ஏன் வரவில்லை, அடுத்து என்ன என்பதை ஆதாரத்தோடு சொல்லத் தெரிந்தால் போதும். கூட்டத்தைத் தள்ளிப் போட விடாதீர்கள். தள்ளினால் உயர்வும் தள்ளும். உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடத்தும் டிசி மீட்டிங்கின் குறிப்பில் எல்லோரின் கையெழுத்தும் அன்றே வாங்கிவிடுங்கள். கைடோடு பிணக்கு வந்தால் உங்களுக்குத் துணை நிற்பது அந்தக் காகிதங்கள்தான். கைடை மாற்ற நேர்ந்தாலும், சொந்த ஃபெலோஷிப் இருப்பவர் உரிய ஒப்புதலோடு பணத்தைக் கூடவே எடுத்துப் போக முடியும். புராஜெக்டில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை.

பெண்களுக்கு ஒரு செய்தி: யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி. காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம், கால வரம்பிலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. "கல்யாணம் எப்போது?" என்று நேர்முகத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால்தான் தீசிஸ் தர முடியும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. ஆனால் பல நிறுவனங்கள் தங்கள் விதியில் இன்னும் வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விதிப் புத்தகத்தைச் சேர்ந்த வாரமே வாங்கிப் படியுங்கள்.

கடைசியாக, அந்த ஆறாவது வருடம். பட்டம் முடிக்க விதி தரும் காலம் ஆறு வருடம். ஃபெலோஷிப் ஐந்தோடு நிற்கும். நடுவில் இருக்கும் பன்னிரண்டு மாதங்களில்தான் தீசிஸ் எழுதுவது, அதன் சுருக்கமான சினாப்சிஸ், கட்டுரை திருத்தம் எல்லாம் வந்து சேரும், கையில் காசு இருக்காது. நாலாம் வருடம் பிறந்ததும் கைடிடம் உட்கார்ந்து, இனி புதிய சோதனை எதுவும் தொடங்குவதில்லை என்ற தேதியைக் குறித்துவிடுங்கள். எஸ்ஆர்எஃப் பணத்தில் மாதம் ஐயாயிரம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நான் மூன்றாயிரம் போட்டேன். பத்தவில்லை, கடைசி நான்கு மாதம் தம்பி அனுப்பினான்.